கடைசி வரியில் இருந்தவள்

கார்த்திகன் எனக்கு அனுப்பிய நன்றி மெசேஜ் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. அழிக்கவில்லை. கோபம் ஆறிப் போகிறதோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் படித்துக்கொள்கிறேன். “சுபோ அக்கா, நீங்கள் எடுத்த படங்கள் இல்லாட்டி எங்கடை எட்டுத் தலைமுறைக் கதை புத்தகமா வந்திருக்காது. எங்கடை குடும்பம் உங்களை மறக்காது.” கீழே கைகூப்பும் பொம்மை மூன்று.

மறக்காத குடும்பமாம். புத்தகத்தின் நன்றியுரையில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. கடைசியில் ‘வீட்டு உதவிக்கு நின்ற ரமணிக்கும்’ என்று ஒரு அரை வரி. அந்த அரை வரியிலும் பிழை. அவளுடைய பெயர் ரமணி இல்லை. அது பிழையென்று தெரிந்துகொண்டே அச்சடித்திருக்கிறான். இந்த அரை வரிக்காரியைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். பாடசாலை நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீட்டில் ஒரு டிஜிட்டல் கமராவும் மூன்று கால் ஸ்டான்ட் ஒன்றும் இருக்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஐம்பது வயது தாண்டியதும் பூட்டன் யார், பூட்டனுக்குப் பூட்டன் யார் என்று ஒரு தேடல் வந்துவிடுகிறது. இங்கே அலுமாரிகளில் கிடக்கும் காணி உறுதிகள், பிறப்புப் பத்திரங்கள், சாதகக் கொப்பிகள், கலியாணக் கடிதங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். நான் எடுத்து அனுப்புவேன்.

எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஃபிளாஷ் போட மாட்டேன். பழைய தாளில் ஃபிளாஷ் பட்டால் மை வெளிறித் தெரியும். சாப்பாட்டு மேசையை யன்னலோரம் இழுத்து, கறுப்புத் துணி விரித்து, காலை வெளிச்சத்தில் எடுப்பேன். ஒவ்வொரு கட்டைத் தொடங்கும்போதும் முதலில் மேசை முழுவதும் தெரிய ஒரு படம். அது யாருக்கும் அனுப்புவதற்கல்ல, வெளிச்சம் சரியா என்று நானே பார்ப்பதற்கு. அதன்பிறகு கிட்டப் போய் ஒவ்வொரு தாளாக. தேவையில்லாத பகுதி இருந்தால் மறைக்க ஒரு கறுப்பு மட்டை வைத்திருக்கிறேன். சின்ன மட்டை, ஒரு அடிமட்டம் அளவு. அந்த மட்டையை இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை.

நாகேந்திரம் ஐயாவின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. ஐயா அரசாங்கக் கந்தோரில் கணக்காளராக இருந்தவர். மனைவி பத்மாவதி. மகன் கார்த்திகன் கனடாவில், மகள் தாரிகா லண்டனில். இவர்கள் நாலு பேர் என்றுதான் ஊர் சொல்லும். ஐந்தாவதாக ஒருத்தி அந்த வீட்டுக் குசினியில் ஐம்பத்தெட்டு வருடம் இருந்தாள்.

அறுபத்தைந்தாம் ஆண்டு, ஆறு வயதில், மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து அவளைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் கந்தோரில் ஐயாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். புதுக் கலியாணம், மனைவிக்குக் கைக்கு உதவியாக ஒரு பெட்டை வேண்டும் என்று சொன்னாராம். சிநேகிதர் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுப் போனார். அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழ் வீடுகளில் பாதிக்குமேல் இப்படி ஒரு பிள்ளை இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. நான் உத்தமி வேஷம் போட வரவில்லை.

வந்த அன்று அந்தப் பிள்ளையிடம் பெயர் கேட்டார்கள். “பத்மாவதி” என்றது. வீட்டு எசமானியின் பெயரும் அதுதான். குசினியில் நிற்கிற பெட்டையும் பத்மாவதி, தானும் பத்மாவதி என்றால் எப்படி? ஐயா தன் மனைவியை “பத்மா” என்று கூப்பிட, அடுப்படியிலிருந்து அந்தச் சின்னது “ஓம் ஐயா” என்று வந்து நின்றுவிட்டால்? அன்றைக்கே பெயரை மாற்றினார்கள். ரமணி. வீட்டுக்கு நாய்க்குட்டி கொண்டுவந்தால்கூட இரண்டு மூன்று பேரைச் சொல்லிப் பார்த்துத்தானே வைப்பார்கள்? இது ஒரே நிமிடத்தில் முடிந்ததாம். பத்மாவதி அன்ரியே இதை என் அம்மாவிடம் பகிடியாகச் சொல்லிச் சிரித்திருக்கிறா. ஆனால் அந்தப் பிள்ளையின் பழைய பெயர் என்ன என்பதை மட்டும் அந்தப் பகிடியில் சொல்லவில்லை. “ஏதோ எனக்குச் சரிவராத பேர்” என்றுதான் சொன்னா. அதனால் எனக்கும் தெரியாமல் போனது.

ரமணியக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் தினமும் பள்ளிக்கூட வாசல் வரை போனாள், கார்த்திகனின் புத்தகப் பையையும் தாரிகாவின் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு. ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. கடிகாரம் பார்க்க அவளாகவே பழகிக்கொண்டாள். கலியாணம் செய்து வைக்கவில்லை. “அவளுக்கு விருப்பமில்லை” என்று அன்ரி சொல்லுவா. யாராவது கேட்டுப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம். கார்த்திகன் அவளைவிடப் பதினாலு வயது இளையவன். அவளுடைய இடுப்பில் வளர்ந்தவன். பேச்சுத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை “ரமணி” என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு அக்கா சேர்த்தால் வாய் சுட்டுவிடுமா? அவள் அவனை “தம்பி” என்பாள்.

எண்பத்திமூன்று ஜூலையில் தமிழர் வீடுகளை எரிக்க எங்கள் ஒழுங்கைக்கு ஆட்கள் வந்தபோது எல்லோரும் பின் மதிலால் ஏறி ஓடினோம். எனக்குப் பதினைந்து வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்ரி நகைப் பையோடு ஓடினா. ஐயா பிள்ளைகளோடு ஓடினார். ரமணியக்கா மட்டும் திரும்ப வீட்டுக்குள் போனாள். ஐயாவின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மதிலடிக்கு வந்தாள். ஐயா தினமும் திறந்து பூட்டுகிற பெட்டி என்பதால் அது முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்தது முழுக்கத் தாள். பிறகு குடும்பம் அகதி முகாமுக்குப் போய், கப்பலேறி யாழ்ப்பாணம் போனது. இவளைப் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் தகரப் பெட்டி அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

புத்தகத்தின் முன்னுரையில் கார்த்திகன் எழுதியிருக்கிறான்: ‘எண்பத்திமூன்றின் தீயிலிருந்து இறைவன் அருளால் தப்பிய ஆவணங்கள் இவை.’ இறைவனுக்கு மதில் ஏறத் தெரியும் போலிருக்கிறது.

அவள் ஒரேயொரு விஷயம்தான் அந்த வீட்டில் கேட்டாள். தான் எந்தத் தோட்டம், தன் தகப்பன் பெயர் என்ன. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பா என்றால் அப்பா, வீடு என்றால் வீடு, பெயர் எதற்கு? வளர்ந்த பிறகுதான் அது தேவையாயிற்று. ஊரில் ஒரு தங்கச்சி இருந்தாள், அஞ்சலை, தவழுகிற பிள்ளை. அவளைத் தேட வேண்டும் என்றால் எங்கே போய் யாருடைய மகள் என்று கேட்பது? பதினைந்து வயதில் அன்ரியிடம் கேட்டாள். “ஐயாவுக்குத்தான் தெரியும்” என்ற பதில் வந்தது. ஐயாவிடம் கேட்கப் பயம். முப்பதில் திரும்பக் கேட்டாள். “இங்கை உனக்கு என்ன குறை?” என்றா அன்ரி. ஐயா செத்து, அந்த வருடத் திவசமும் முடிந்த பிறகு மூன்றாம் தரம் கேட்டாள். “அவரோடை எல்லாம் போச்சு” என்று சொல்லிவிட்டா. இதெல்லாம் அவளே எனக்குச் சொன்னது. ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல், கறிக்கு உப்பு எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் காது சிவந்தது.

அன்ரி போன வருடத்துக்கு முதல் வருடம் போய்ச் சேர்ந்தா. வீட்டை இடித்துப் பதினாலு மாடி கட்டக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருடம் தை மாதம் கார்த்திகன் மூன்று கிழமை லீவில் வந்தான். வீட்டை ஒதுக்க வேண்டும், தாள்களைப் படமெடுத்துக் குடும்ப வரலாறு எழுத வேண்டும், ரமணியக்காவைக் கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். மூன்றையும் ஒரே லிஸ்டில் எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று காலை வேலை. தகரப் பெட்டியையும் அலுமாரி ஃபைல்களையும் மேசைக்குக் கொண்டுவந்தாள் ரமணியக்கா. பழைய தாள் சுருளும். ஓரத்தை யாராவது விரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். அவள்தான் பிடித்தாள். எத்தனையோ படங்களில் மூலையில் அவளுடைய விரல் நுனி தெரிந்தது, மஞ்சளும் வெங்காயமும் ஏறிய நகம். கார்த்திகன் கமராவின் திரையைப் பார்த்துவிட்டு, “அக்கா, விரல் விழாமல் பாருங்கோ, புத்தகத்திலை வடிவாயிராது” என்றான். அவள் வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டாள். தாள் சுருண்டது. பிறகு திரும்பப் பிடிக்கச் சொன்னோம்.

மூன்றாம் நாள் வந்தது பொலிஸ் படிவங்களின் கட்டு. கொழும்பில் இருந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பொலிசில் பதிய வேண்டும். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர், சொந்த இடம். இரவில் கதவைத் தட்டி அந்தத் தாளைக் கேட்பார்கள். தாளில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஐயா ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் நிரப்பி, ஒரு பிரதியைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு படிவங்கள்.

வழக்கம்போல முதலில் மேசை முழுவதும் தெரிய ஒரு படம் எடுத்தேன். மேலே தொண்ணூற்றாறாம் ஆண்டுப் படிவம். கீழ் ஓரம் சுருண்டு நின்றதால் ரமணியக்கா வலக் கையால் அமத்திப் பிடித்திருந்தாள்.

கார்த்திகன் எட்டிப் பார்த்தான். “இஞ்சை பாருங்கோ அக்கா, அப்பா பதட்டத்திலை அம்மாடை பேரை ரெண்டு தரம் எழுதிப்போட்டார். ரெண்டாவது வரியிலையும் பத்மாவதி, கடைசி வரியிலையும் பத்மாவதி. பாவம் மனுசன். எல்லாத்திலையும் இப்பிடித்தான் இருக்கு. கடைசி வரியை மறைச்சிட்டு எடுங்கோ, புத்தகத்திலை பாக்கிற ஆக்கள் குழம்புவினம்.”

அந்த நேரம் அவனுடைய ஃபோன் அடித்தது. போய்விட்டான்.

பக்கத்துக் கட்டத்தில் வயது இருந்தது. அதற்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தது. அவன் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த எல்லோரையும் எழுத வேண்டிய படிவத்தில் ரமணியின் பெயர் எங்கே என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. சரி, அவனை விடுங்கள். நான்? புத்தகங்களுக்கு நடுவில் இருபத்தாறு வருடம் இருந்தவள், ஒரு வரியை இடமிருந்து வலம் வாசிக்கத் தெரியாதா? காலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இன்னும் நூறு தாள் இருந்தது, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும். மட்டையை எடுத்தேன். கடைசி வரிக்கு மேல் வைத்தேன். பன்னிரண்டு படிவத்துக்கும் பன்னிரண்டு தரம் வைத்தேன். ஒவ்வொரு தரமும் அந்த மட்டைக்குப் பக்கத்தில் தாளை அமத்திப் பிடித்தது அவளுடைய விரல். தன் தகப்பனின் பெயரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி அவள் விரல் இருந்தது. அந்த ஃபைல் இருந்த அலுமாரியை அவள் கிழமைக்கு இரண்டு தரம் தூசி தட்டியிருக்கிறாள்.

வேலை முடிந்ததும் கார்த்திகன் உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். பொலிஸ் படிவங்களை இரண்டாகக் கிழித்து, நாலாகக் கிழித்து, குப்பைப் பையில் போட்டான். “இந்தச் சனியன் இனி எங்களுக்கு வேண்டாம்” என்றான். அந்த நேரம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தத் தாளுக்குப் பயந்து நாங்கள் எத்தனை இரவு நித்திரை இல்லாமல் கிடந்தோம்! குப்பை லொறி வந்தபோது “மல்லி, மே டிகத் கெனியன்ன” என்று அவனே கையால் தூக்கிக் கொடுத்தான். தம்பி, இதையும் கொண்டுபோ என்று, சிங்களத்தில்.

மாசியில் வீடு காலியாயிற்று. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன், ரமணியக்காவைப் பார்க்க. இல்லத்தில் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பொறுப்பான சிஸ்டர் ஒரு படிவத்தோடு வந்தா. “மிஸ், நீங்க சொந்தக்காரங்களா? இதுல ஒரு விவரமும் இல்ல. கொண்டாந்து விட்டவரு பேரை மட்டும் எழுதி, மத்ததுக்கெல்லாம் தெரியாதுன்னு போட்டுட்டுப் போய்ட்டாரு.”

பார்த்தேன். பெயர்: ரமணி. தகப்பன் பெயர்: தெரியாது. பிறந்த இடம்: தெரியாது. நெருங்கிய உறவினர்: ஒருவரும் இல்லை. கார்த்திகனின் கையெழுத்து, அழகான கையெழுத்து. தன் பூட்டனின் பூட்டன் எந்த ஊரில் எந்தக் காணியில் பிறந்தான் என்று தேடிக்கொண்டிருந்தவன், தன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு இரண்டு ‘தெரியாது’வும் ஒரு ‘இல்லை’யும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

“ஒருவரும் இல்லை எண்டு எழுதியிருக்கு, ரமணியக்கா” என்றேன்.

“எனக்குத் தங்கச்சி இருக்கு, பிள்ளை” என்றாள். “தம்பி கேக்கேல்லை. கேட்டிருந்தா அஞ்சலை எண்டு சொல்லியிருப்பன்.” பிறகு படிவத்தைக் காட்டிச் சொன்னாள்: “பேரும் பிழை. ஆனா தம்பி எழுதினதை வெட்டச் சொல்லலாமோ தெரியாது. எங்கம்மா என்னைப் பத்மாவதி எண்டுதான் கூப்பிடும்.”

பத்மாவதி. இரண்டாவது வரியிலும் கடைசி வரியிலும். பன்னிரண்டு படிவத்திலும்.

“எத்தினை வருசமா உங்களுக்கு இது தெரியும்?” என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி.

“என்டை பேர் எனக்குத் தெரியாமல் இருக்குமே?” என்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாக ஒரு கோபத்தைப் பார்த்தேன். “நான் மறக்கேல்லை. அவை வேண்டாமெண்டவை. அதாலை நான் சொல்லேல்லை. அப்பாடை பேர்தான் எனக்குத் தெரியாது.”

பொலிசுக்குப் பொய் எழுதப் பயந்த மனிதர் நாகேந்திரம் ஐயா. வீட்டுக்குள்ளே மனைவி வைத்த பெயரில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு, பொலிஸ் தாளில் மட்டும் அவளை உள்ளபடி எழுதியிருக்கிறார். சீருடைக்காரனுக்குச் சொன்ன உண்மையை, அடுத்த அறையில் பாத்திரம் கழுவியவளுக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. எந்தத் தாளை நாங்கள் இந்த நகரத்தில் ஆகக் கூடுதலாக வெறுத்தோமோ, அந்தத் தாளில்தான் அவள் இன்னாருடைய மகள் என்று இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் கடைசி வரிக்கு மேலே என் மட்டை, கறுப்பாக, நேராக. இவ்வளவு ஒழுங்காக ஏன் வைத்துத் தொலைத்தேன்? ஒரு படத்திலாவது கொஞ்சம் விலகியிருக்கக் கூடாதா? பிறகு அந்த வெளிச்சம் பார்க்கும் படம் ஞாபகம் வந்தது. மேசை முழுவதும் தெரியும் படம். அந்தப் படங்களை நான் அழிப்பதில்லை.

பெரிதாக்கினேன். மேசை, துணி, சீனிப் போத்தல், நடுவில் தொண்ணூற்றாறாம் ஆண்டுப் படிவம். கடைசி வரியில் பத்மாவதி. வயது முப்பத்தேழு. அடையாள அட்டை: இல்லை. தகப்பன் பெயர்: வீராச்சாமி. சொந்த இடம் என்ற கட்டத்தில், முடிவில் ‘பதுளை’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த தோட்டத்தின் பெயருக்கு மேல் ஒரு விரல். மஞ்சள் ஏறிய நகம்.

கார்த்திகனுக்கு உடனே கோல் எடுத்தேன். அங்கே என்ன நேரம் என்று பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

“கார்த்திகன், அம்மாடை பேரை ரெண்டு தரம் எழுதியிருக்கு எண்டு சொன்னீரே, அது உம்முடைய அம்மா இல்லை. ரமணியக்கா.”

“ஓ, அவவுக்கும் அந்தப் பேரோ? பகிடியாக் கிடக்கு” என்றான்.

“தோட்டத்தின்ரை பேர் தெரியுமோ? அப்பா எப்பவாவது சொன்னவரோ?”

“இல்லை அக்கா. நான் அப்ப சின்னப்பிள்ளை.”

“தொண்ணூற்றாறிலை உமக்கு இருபத்திமூண்டு வயசு.”

“அக்கா, ஏன் கத்துறியள்? ஃபோம் எல்லாம் குப்பைக்குப் போட்டதுதானே, நீங்களும் நிண்டனீங்கள். இனி என்ன செய்ய? புத்தகம் அச்சுக்குப் போகப்போகுது. வேணுமெண்டா நன்றியுரையிலை அவவின்ரை பேரையும் போடுறன்.”

“எந்தப் பேரை?” என்று கேட்டேன்.

“பாப்பம் அக்கா. ரமணி எண்டாத்தானே எங்கடை ஆக்களுக்கு விளங்கும்” என்றான். நான் ஃபோனை வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் என் வாயிலிருந்து வந்திருக்கக்கூடியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரமணியக்கா விறாந்தையில் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கே அவளை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. கை சும்மா இருக்கத் தெரியாது. படத்தை மடியில் வைத்தேன். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு வாசித்துச் சொன்னேன். இது நீங்கள். இது உங்கள் வயது. இது உங்கள் அப்பா, வீராச்சாமி. இது பதுளை.

“இதிலை?” என்று விரல் இருந்த இடத்தைக் காட்டினாள்.

“அதிலைதான் தோட்டத்தின்ரை பேர் இருந்தது.”

அவள் படத்திலிருந்த விரலைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தாள்.

“அப்ப நான்தானே பிள்ளை மறைச்சுப்போட்டன்” என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. விறாந்தையில் இருந்த கிழவிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். “இல்லை! நீங்கள் மறைக்கேல்லை. நீங்கள் ஒரு தரம் பிடிச்சீங்கள், தாள் சுருளாமல் இருக்க. பன்னிரண்டு தரம் மறைச்சது நான், என்டை மட்டையாலை. மறைக்கச் சொன்னது கார்த்திகன். அம்பது வருசம் மறைச்சது அவன்ரை தாய் தகப்பன். நீங்கள் அந்தப் பெட்டியைத் தலையிலை தூக்கிக்கொண்டு வந்திராட்டி அவங்களுக்கு எட்டுத் தலைமுறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!”

அவள் என் கையைப் பிடித்து, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

“அப்பாடை பேரை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

“வீராச்சாமி.”

“வீராச்சாமி” என்றாள். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளே. பிறகு வல்லாரைச் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு எழும்பினாள். சிஸ்டரிடம் போய் அந்தப் படிவத்தைக் கேட்டாள். நான் எழுதினேன். கார்த்திகன் எழுதியதை ஒவ்வொன்றாக வெட்டினேன், பேனை தாளைக் கிழிக்கும்படி. தகப்பன் பெயர்: வீராச்சாமி. பிறந்த இடம்: பதுளை மாவட்டம். நெருங்கிய உறவினர்: தங்கை, அஞ்சலை. பெயர்: பத்மாவதி. பதுளையில் எத்தனை தோட்டம், எத்தனை வீராச்சாமி, எத்தனை அஞ்சலை என்று சிஸ்டர் கேட்கவில்லை. பதுளைப் பக்கம் தங்கள் மடம் ஒன்று இருக்கிறது, எழுதிக் கேட்கலாம் என்றா. அஞ்சலைக்கு இப்போது அறுபது வயது இருக்கும், இருந்தால்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. குசினியில் உதவி செய்யும் டில்ஷானி என்ற பெண், அவளுக்கு இதொன்றும் தெரியாது, வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். “ரமணி அம்மா, சாப்பிட வாங்க!”

ஐம்பத்தெட்டு வருடம் அந்தப் பெயருக்கு முதல் கூப்பிடலிலேயே எழும்பி ஓடியவள், அசையவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டில்ஷானி காது கேட்கவில்லை என்று நினைத்து, கிட்டே வந்து இன்னும் பலமாக “ரமணி அம்மா!” என்றாள்.

அவள் மடியிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு ஆறும். ஆறட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, கையிலிருந்த படிவத்தைப் பார்த்தா.

“பத்மாவதி” என்றா சிஸ்டர்.

“ஓம்” என்று எழும்பினாள்.